சாம்பலாகிய சிவப்பு

கண்ணுக்குள்ளேயே திறக்கும் பிக்சல் ஓவியச் செயலி, ஒரு கட்டம் பிசகினாலும் சிவப்பில் எச்சரிக்கும். எரிச்சலில் பர்வீன் தீம் அமைப்புக்குப் போய், சிவப்பைப் பின்னணியின் சாம்பல் நிறமாக்கினாள். "பார்வை முழுவதற்குமா?" என்ற கேள்விக்குப் படிக்காமலே சம்மதித்தாள்.

சற்று நேரத்தில் மகள் சஃபா நொண்டியபடி வந்தாள். "உம்மா, உடைஞ்ச கண்ணாடி மேல விழுந்துட்டேன், கால்ல குத்திருச்சு!"

அவள் காலில் சாம்பலாக ஏதோ வழிவதைப் பர்வீன் பார்த்தாள். "வெறும் தண்ணிதானே, அழாதே."

"தண்ணி இல்ல உம்மா, ரத்தம்!"

மகளின் உதடுகளும் சாம்பலாக இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். பதறிப்போய் அமைப்பைத் திறந்தாள். பழையபடி மாற்றும் பொத்தானைக் காணவில்லை. அதுவும் சிவப்புதான்.

"எங்கேருந்து வருது? உம்மாவோட கையை எடுத்து அங்கே வை."

சஃபா அந்தக் கையைத் தன் தொடையில் வைத்தாள். விரலிடுக்கில் சூடாக வழிந்தது. பர்வீனின் கண்ணுக்கு அது இன்னும் தண்ணீர்தான்.