முதல் பெட்டி

“நான் ரெண்டு தட்டு தட்டுற வரைக்கும் கதவைத் திறக்காதீங்க, அண்ணே.”

சொல்லிவிட்டு அந்தப் பெண் காலிக் கன்டெய்னருக்குள் ஏறினாள். கையில் ஒரு டார்ச் லைட்கூட இல்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் இரும்புக் கதவுகள் இரண்டையும் இழுத்துச் சாத்தினார்.

வெளியே, கன்டெய்னர் யார்டில் நின்ற நோட்டுப் புத்தகக் கம்பெனி முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. ஐந்து மணிக்குத் துறைமுகக் கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குள் சரக்கு உள்ளே போகாவிட்டால் கப்பல் போய்விடும். அக்கரையில் பள்ளிக்கூடம் திறக்கும் நாளும் போய்விடும். அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் அவருடைய அச்சகம் இன்னும் மூடாமல் இருந்தது.

“இருட்டுக்குள்ள அப்படி என்னய்யா பண்றாங்க?”

“நான் வேலைக்கு வந்தே நாலு நாள்தான் ஆகுது, சார். கேட்டேன். சாமி கும்பிடுறேன்னு சொல்லிச்சு.”

“மூணு நிமிஷமாவா?”

“பெரிய வேண்டுதலா இருக்கும், சார்.”

டக், டக். கதவு திறந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு இறங்கியவளை அவர் அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய கோடவுனில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவள். அவள் ஏற்றி அனுப்பிய நோட்டுகள் பூஞ்சை பிடித்துப் போய் இறங்கின. மேலடுக்குக் கட்டுகளெல்லாம் ஊறிக் கறுத்துக் கிடந்த படம் வந்தது. “ஈரப் பேலட் பலகையில ஏத்தி என் குடியைக் கெடுத்துட்டியே!” என்று அத்தனை பேர் முன்னாலும் அவளை வேலையை விட்டு வெளியே அனுப்பினார். “பலகை காய்ஞ்சுதான் இருந்தது, ஐயா” என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளும் அவரைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டதாகக் காட்டவில்லை.

“இந்தப் பெட்டி வேண்டாம், அண்ணே. ஓரமா வைங்க.”

“ஏன் வேண்டாம்? புதுப் பெயின்ட் அடிச்சுப் பளபளன்னு இருக்கு!”

“சொன்னா நம்புவீங்களா, ஐயா?”

அவருக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. அவள் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள்.

இரண்டாவது பெட்டிக்குள் அவள் போகக்கூட இல்லை. கதவோர ரப்பரை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, “வெடிச்சுப் போச்சு. இதுவும் வேண்டாம்” என்றாள். அடுத்து, அவர் கொண்டுவந்த பேலட்டுகளைப் புரட்ட ஆரம்பித்தாள். ஆறைத் தனியே தள்ளினாள்.

“இதுல மரத்தைச் சூடு காட்டின முத்திரை இல்ல. பூச்சி இருக்கும்னு சொல்லி அந்தக் கரையில சரக்கோட திருப்பிடுவாங்க. யார்டு பலகையிலே மாத்தி அடுக்குங்க.”

“என் பலகைன்னாலே உனக்கு ஒரு குறை!”

அவர் மூச்சு வாங்க யார்டு மேலாளரிடம் ஓடினார். மேலாளர் கையை விரித்தார். “அந்தம்மா கையெழுத்து இல்லாம இங்க ஒரு பெட்டி நகராது, சார்.”

மூன்றாவது பெட்டி வந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. பக்கமெல்லாம் நசுங்கி, துருவேறி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. அவள் உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. அதே மூன்று நிமிடம். டக், டக்.

“இது போதும். ஏத்துங்க.”

“பளபளன்னு இருக்கிறது ஆகாது, இந்தக் காயலாங்கடைச் சாமான் ஆகுமா?”

அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நாலேகாலுக்குக் கடைசிப் பேலட் உள்ளே போய், கதவுக்கு சீல் விழுந்து, லாரி துறைமுகக் கேட்டைப் பார்த்துக் கிளம்பியது. மதிலைத் தாண்டினால் கேட். இனிக் கவலை இல்லை. ஆனால் பயம் போன இடத்தில் அவருக்குக் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

“மூணு வருஷமா மனசுல வச்சிருந்து இன்னைக்குப் பழி வாங்கிட்டே, இல்ல? என்னை இங்கயும் அங்கயும் ஓடவிட்டு வேடிக்கை பார்த்தே. எழுதிக் குடுக்கிறேன் பாரு. நாளைக்கு உனக்கு இந்த வேலையும் இருக்காது!”

அன்றைக்குக் குனிந்தபடி வெளியே போன தலை, இன்றைக்கு நிமிர்ந்தே இருந்தது.

“தாராளமா எழுதிக் குடுங்க, ஐயா. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு நிமிஷம் குடுங்க. அன்னைக்குக் குடுக்காத நிமிஷம்.”

புதுப் பெயின்ட் அடித்த அந்த முதல் பெட்டிக்கு அவரை அழைத்துப் போனாள். அவர் தயங்கி ஏறினார். அவளும் ஏறினாள். பின்னால் கதவு சாத்தப்பட்டது.

கும்மிருட்டு. கொஞ்ச நேரத்தில் கண் பழகியது. தலைக்கு மேலே ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சம். பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் கொத்தாக ஏழெட்டு. ஒவ்வொன்றிலிருந்தும் மாலை வெயில் நூலாகச் சாய்ந்து இறங்கியது. ஒரு நூல் அவர் சட்டையில், சரியாக நெஞ்சுக்கு நேரே வந்து விழுந்தது.

வெயில் இறங்குகிற வழியில் மழையும் இறங்கும்.

ஊறிக் கறுத்த அந்த மேலடுக்குக் கட்டுகள் அவர் கண்முன் வந்து நின்றன. பலகையில் ஈரம் இருந்திருந்தால் அடியடுக்கு அல்லவா ஊறியிருக்க வேண்டும்!

அவர் அவள் பக்கம் திரும்பினார். “அம்மா... அப்போ நீ...”

இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. குரல் உயரவில்லை, தாழவும் இல்லை.

“பழி வாங்கணும்னா இந்தப் பெட்டிக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன், ஐயா.”