நாத்தனார் கடல் பார்த்த கதை

"நீங்க போயிட்டு வாங்கம்மா. எனக்கு முட்டி வலிக்குது. தம்பி என்கூட இருக்கட்டும்."

நாத்தனார் காரை விட்டு இறங்கவே இல்லை. எதிரில் கலங்கரை விளக்கம் அத்தனை உயரமாக நின்றது. ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

தம்பி பெண்டாட்டியான இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கடல்ல ஒரு தடவை காலை நனைச்சுட்டாப் போதும்மா. இத்தனை வயசுக்கு அதைப் படத்துலதான் பாத்திருக்கேன்." வந்த நாளிலிருந்து இதே பாட்டுத்தானே? நாளைக்கு விமானம். சூப்பர் மார்க்கெட் கல்லாவில் கால் கடுக்க நிற்கிறவள், சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி, இருட்டோடு எழுந்து எல்லாருக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தால், மகாராணிக்கு முட்டி வலியாம்! காலையில் துணிக்கூடையோடு மாடிப்படி ஏறி இறங்கும்போது அந்த முட்டி எங்கே போயிருந்தது?

"அண்ணி, ஒரு போட்டோவுக்காவது இறங்குங்க."

"இப்படியே எடும்மா." ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் நீட்டினாள்.

எடுத்தாள். கலங்கரை விளக்கத்தைக் காணோம். நாத்தனாரும் கார்க் கதவும்தான் விழுந்திருந்தார்கள்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். பின்னால் கார்க் கண்ணாடி ஏறும் சத்தம் கேட்டது.

"அத்தை ஏம்மா வரலை?"

"உங்கப்பாகிட்ட ரகசியம் பேசணுமாம். வேற யாரைப் பத்தி? என் தலையைத்தான் உருட்டுவாங்க."

போன வருஷம் இவளுடைய அப்பா அம்மா வந்தபோது கலங்கரை விளக்கம், பாறை, கடற்கரை என்று மூன்று இடமும் காட்டியாகிவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவும் ஏறியாகிவிட்டது. இப்போது புருஷனின் அக்காவுக்குக் காட்டவில்லை என்றால் அந்தப் பக்கத்து வாய்கள் சும்மா இருக்குமா? அதனால்தான் காலையில் அவன் ரொட்டி ஃபேக்டரியிலிருந்து வந்ததும் வராததுமாக, "குளிச்சுட்டுக் கிளம்புங்க. உங்க சொந்தக்காரங்க வாயில நான் விழ முடியாது" என்று சாவியைக் கையில் திணித்தாள். அவனும் பேசாமல் வாங்கிக்கொண்டான். அவன் எதற்குத்தான் பேசினான்?

கிளம்பும்போதே நாத்தனார் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் தம்பியோடு தொணதொணவென்று ஒரே பேச்சு. பக்கத்து வீட்டுக் கல்யாணம், செத்துப்போன பசுமாடு, பள்ளிக்கூடத்தில் அவன் வாங்கிய அடி. நடுநடுவே "கேக்குறியாடா? கேக்குறியா?" என்று அவன் தோளில் ஒரு தட்டு. பின்சீட்டில் இவளுக்குத் தலைவலியே வந்துவிட்டது.

அடுத்தது பாறை. அங்கேயும் இறங்கவில்லை.

"பாறைதானேம்மா? நம்ம ஊர்ல இல்லாத பாறையா!"

பல்லைக் கடித்துக்கொண்டு மகளை மட்டும் கூட்டிப்போய் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினாள். புருஷன் கண்ணைக் கசக்கியபடி வண்டியை எடுத்தான். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது.

'ஓதிட்டா. அழவே வெச்சுட்டா என் புருஷனை' என்று நினைத்துக்கொண்டாள். மூன்று வாரமாக விழுந்து விழுந்து கவனித்ததற்கு நல்ல பலன்! அலுத்துப்போய்விட்டது.

கடைசியாகக் கடற்கரை.

"அண்ணி, இதுக்குமா முட்டி வலி?"

நாத்தனார் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீங்க போங்கம்மா. பாப்பாவை அலைகிட்ட விட்டுடாதே."

இவள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

மகளுக்கு என்ன கவலை? வந்த முதல் அலையிலேயே இடுப்புவரை நனைந்தாள். துண்டு காரில் இருந்தது. நல்லதாய்ப் போயிற்று. இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது! 'என்னைப் பத்தி என்ன பேசணுமோ என் முகத்துக்கு நேரா பேசுங்க' என்று மகளோடு காருக்குத் திரும்பி வரும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கார்க் கண்ணாடி வழியே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சீட்டைச் சாய்த்துப் போட்டு, வாயைப் பிளந்துகொண்டு, அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தான் புருஷன். அவன் முகத்தில் வெயில் படாமல் முந்தானையை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் நாத்தனார். வலித்ததோ என்னவோ, கையை மாற்றி மாற்றிப் பிடித்தாள்.

இவளைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியை மெதுவாகச் சுற்றி இறக்கினாள்.

"சத்தம் போடாதேம்மா. ராத்திரி பூரா வேலை பாத்துட்டு அப்படியே வண்டி எடுத்திருக்கான். வரும்போது ரெண்டு தடவை கண்ணு சொக்கிடுச்சு. பேசிப் பேசித்தான் முழிக்க வெச்சேன்."

"அதை... அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே, அண்ணி."

"எப்படிம்மா சொல்றது? எனக்காக லீவு போட்டு, சாப்பாடு கட்டி, அத்தனை ஆசையாக் கிளம்பினே."

 இவள் ஜன்னல் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நான் இவர்கிட்ட இருக்கேன். நீங்க போய்க் காலை நனைச்சுட்டு வாங்க. நாளைக்குக் கிளம்பிடுவீங்க அண்ணி..."

நாத்தனார் திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாகக் கடலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிடித்த முந்தானையை மட்டும் விடவில்லை.

"கதவைத் திறந்தா முழிச்சுக்குவான்மா. நீ அந்தப் போட்டோவெல்லாம் காட்டு. ஊர்ல கேட்டா, என் தம்பி பெண்டாட்டி ஒண்ணு விடாம காட்டினாள்னு சொல்லணும்ல?"