படம் என்று பெயரிட்ட ஒலி

நினைவஞ்சலி இணையதளத்தில் ஏற்றப்படும் கோப்புகளை வகை பிரிக்கச் செண்பகா விதி எழுதினாள்: பெயர் என்ன சொன்னாலும், உள்ளே இருப்பதுதான் வகை. உடனே ஒரு கோப்பு மாட்டியது. ‘மனைவியின் படம்’ என்று அதன் பெயர். உள்ளே வெறும் ஒலி. ஏற்றியவரைத் தொலைபேசியில் அழைத்தாள். “உங்க சைட்டு போட்டோ கேக்குதும்மா. ஆதார்ல இருக்கிறது அவ மாதிரியே இல்ல. இதுதான் அவ. அதான் போட்டோன்னு பேரை மாத்திப் போட்டேன்.” செண்பகா அதை ஓடவிட்டாள். குக்கர் விசிலுக்கு நடுவே ஒரு குரல்: “ஏங்க, வரும்போது கொத்தமல்லி. போன தடவை மாதிரி வாடினது வேணாம்.” விதியில் ஒரு வரி சேர்த்தாள்: இந்த ஒலி, படம். மறுநாள் அந்த அஞ்சலிப் பக்கத்தில், முகம் இருக்க வேண்டிய படச் சட்டத்துக்குள் ஒலியை இயக்கும் பொத்தான் மட்டும் இருந்தது. அதன் கீழே அவர்களின் பக்கத்து வீட்டுப் பெண் எழுதியிருந்தாள்: “அக்கா அப்படியே இருக்காங்க.”