இன்றே கடைசி

"எந்திரிங்க. எல்லாரும் பார்க்கறாங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. கடையின் நடுவே, செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, உறை பிரிக்காத மெத்தையில் மல்லாந்து படுத்திருந்தார். தலைக்கு மேலே கயிற்றில் ஒரு பலகை தொங்கியது: பாதி விலை. இன்றே கடைசி.

"அஞ்சு நிமிஷம்மா."

"வீட்ல இல்லாத மெத்தையா?" என்றாள் மனைவி.

"அது மெத்தையா? கல்லு மூட்டை. இருபது வருஷம் லாரி ஓட்டின முதுகு இது. எனக்குத்தான் தெரியும்."

"லாரி சீட்லயே தூங்கின மனுஷன். இப்ப பஞ்சு மெத்தை கேக்குதாக்கும்."

யாரோ சிரித்தார்கள். தள்ளுவண்டிகள் இரண்டு நின்றன.

விற்பனையாளர் டையைச் சரிசெய்துகொண்டு வந்தார். "மேடம், சார் முகத்தைப் பாருங்க. நாளைக்கு நீங்களே வந்து கேட்டாலும் இந்த விலைக்குத் தர முடியாது."

"எரியற கொள்ளியில எண்ணெய் ஊத்தாதீங்க சார்."

"பணம்தான் பையில இருக்கே," என்றார் லாரிக்காரர், கண்ணை மூடியபடி.

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இது பொண்ணோட காலேஜ் ஃபீஸ். நாளைக்குக் கட்டக் கடைசி நாள். இதுல கைய வெச்சீங்க, அப்புறம் நான் பொல்லாதவளா ஆயிடுவேன்."

"அபராதத்தோட அடுத்த மாசம் கட்டிக்கலாம்."

"கேட்டீங்களா நியாயத்தை!" அவள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "பாதி விலைக்கு மெத்தையாம், அதுக்கு முழு விலைக்கு அபராதமாம். தள்ளுபடின்னா என்னன்னு நினைச்சீங்க? தேவையில்லாததைப் பாதி காசுக்கு வாங்கிட்டு, மீதிக் காசைச் சம்பாதிச்சுட்ட மாதிரி வீட்டுக்கு வர்றது. இவங்க பலகை மாட்டினா நம்ம புத்தி எங்க போச்சு?"

"நியாயமாத்தான் பேசறாங்க," என்றார் ஒரு வழுக்கைத் தலைக்காரர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்று வாசலிலேயே விற்பனையாளரிடம் சொல்லிவிட்டு நுழைந்தவர். குனிந்து மெத்தையின் ஓரத்தை விரலால் அழுத்தினார். "அவ்வளவு நல்லாவா இருக்கு சார்?"

லாரிக்காரரிடமிருந்து மெல்லிய குறட்டை வந்தது.

"தூங்கிட்டாரு," என்று கிசுகிசுத்தாள் வழுக்கைக்காரரின் மனைவி. "இத்தனை சத்தத்துலயும்! நீங்க ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுக்கறீங்க."

"வாங்கக் கூடாதுன்னுதானே கார்டை வீட்ல வெச்சுட்டு வந்தோம்?"

"என் பையில ஒண்ணு இருக்கு."

"எப்ப இருந்து?"

"எப்பவுமே இருக்கும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏம்மா, நீங்க எடுக்கலைன்னா, நாங்க இதை..."

"தாராளமா எடுத்துக்குங்க சார். எனக்கு நிம்மதி," என்றாள் லாரிக்காரரின் மனைவி.

அவள் கணவரின் தோளை உலுக்கினாள். ஒருமுறை, இரண்டுமுறை. அவர் கண் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தார். கன்னத்தில் உறையின் மடிப்பு பதிந்திருந்தது. அவள் கை தோளிலேயே சற்று நின்றது.

"எங்களுக்கும் ஒண்ணு. இதே மாதிரி," என்றது பின்னால் ஓர் இளம் ஜோடி. இன்னொருவர் தள்ளுவண்டியை விட்டுவிட்டே முன்னால் வந்தார்.

"நடங்க," அவள் கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள். "வேடிக்கை முடிஞ்சுது."

இரவு, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். பின்பக்கக் கிடங்கில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, விற்பனையாளர் டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, லாரிக்காரரின் மனைவியிடம் ஓர் உறையை நீட்டினார்.

"இன்னிக்குக் கூலி, அக்கா. நாலு மெத்தை போயிருக்கு. நீங்க வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்லத்தான் வியாபாரமே. அண்ணே, இன்னிக்குக் குறட்டை பிரமாதம். நேத்தைவிட இயற்கையா இருந்துச்சு."

"நடிக்கலை தம்பி," என்றார் லாரிக்காரர் கூச்சத்தோடு. "நிஜமாவே தூங்கிட்டேன்."

"நல்லதாப் போச்சு. நாளைக்கும் இதே நேரம் வந்துடுங்க. அக்கா, வந்ததும் வழக்கம்போல அந்தப் பலகையைத் தூசி தட்டி மாட்டிடுங்க. இந்த மாசம் முழுக்க அதேதான்."

அவள் உறையைப் பைக்குள் போடவில்லை.

"தம்பி, அதுல இன்னும் ஒண்ணு இருக்கா?"

"எதுல அக்கா?"

"அந்த மெத்தையில."

அவள் பையின் அடியிலிருந்து இன்னோர் உறையை எடுத்தாள். அதன் மேல் மகளின் பெயர் எழுதியிருந்தது. இரண்டையும் சேர்த்து விற்பனையாளரிடமே நீட்டினாள்.

"ஏய், அது பொண்ணு ஃபீஸ்!" லாரிக்காரர் பதறினார். "நாளைக்குக் கடைசி நாள்னு நீதானே சொன்னே?"

"அபராதத்தோட அடுத்த மாசம் கட்டிக்கலாம்," என்றாள் அவள். "இது இன்னிக்குத்தாங்க கடைசி."