நத்தை முதுகுக்கு ஒரு பை

மரத்தடியில் கடை போட்டிருந்த தூக்கணாங்குருவி, எறும்புகளுக்கு மட்டும்தான் முதுகுப்பை பின்னிக்கொண்டிருந்தது. சுருளி என்ற நத்தையும் அப்படியொரு பையைத்தான் ஓட்டின்மேல் கட்டிக்கொண்டு அலைந்தது. பை வழுக்கி வழுக்கி, வீடு போய்ச் சேர்வதற்குள் பாதித் தீனி சிந்திவிடும். ஓட்டுக்குள் அடைந்துகிடக்கும் கோடையோ நெருங்கிவிட்டது; அதற்குள் தீனி சேர்த்தாக வேண்டும். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கடைக்கே ஊர்ந்து வந்தது.

"அக்கா, எங்க முதுகுக்குத் தகுந்த மாதிரி ஒரு பை பின்னித் தாங்களேன்."

"நீங்க எத்தனை பேரு தம்பி? இத்தனை வருஷத்துல ஒரு நத்தைகூட இந்தப் பக்கம் வந்ததில்லையே!"

சுருளிக்குச் சுருக்கென்றது. அவ்வளவு தூரம் ஊரச் சோம்பல்பட்டு, நத்தைகள் எல்லாம் எறும்புகளிடம் சொல்லியல்லவா பை வாங்கிக்கொண்டிருந்தன! "எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்க்கா" என்று குளக்கரைக்குத் திரும்பி ஊர்ந்தது.

நான்காம் நாள் காலையில் குருவி கடை திறந்தபோது, குளக்கரையிலிருந்து வாசல்வரை பாதை வெள்ளியாய் மினுங்கியது. நாற்பது நத்தைகள் மூச்சுவாங்க நின்றன. கூடவே வந்திருந்த எறும்பு சொன்னது: "நாங்க வாங்கின பையில பாதி இவங்களுக்குத்தான், அக்கா."

"அடப் பாவிகளா, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று குருவி அளவெடுக்க உட்கார்ந்தது.

முதல் பை சுருளிக்கு. ஓட்டின் வளைவோடு அது பதிந்து உட்கார்ந்ததும், சுருளி ஒருமுறை குலுங்கிப் பார்த்தது; பை வழுக்கவில்லை. "நீங்க நல்லா இருக்கணும்க்கா. எறும்பண்ணே, நீங்களும்."

அப்போது வரிசையின் கடைசியில் ஒற்றை மரவட்டை தயங்கியபடி தலைநீட்டியது. "அக்கா, எனக்கும்..."

"நீங்க எத்தனை..." என்று ஆரம்பித்த குருவி நாக்கைக் கடித்துக்கொண்டது.

"வாம்மா, இப்படித் திரும்பு. அளவெடுக்கணும்."