முதல் ஓட்டம்

"இந்தக் காரு ஒங்க உசுர எடுக்காம விடாது" என்றாள் பானுப்பிரியா, தூக்குவாளியை மூடிக்கொண்டே.

வாசலில் அன்பரசனின் பழைய கான்டெசா நின்றது. நேர்ரோட்டில் சீறிப் பாயும் டிராக் ரேஸுக்காகப் பெரிய இன்ஜினைப் பொருத்தி, பாரம் குறையப் பின்சீட்டையும் கழற்றியிருந்தான். இன்று முதல் ஓட்டம்.

"பட்டாசு ஆபீஸ்ல மருந்து அடைக்கிறவ இதச் சொல்றியாக்கும்? நீ அங்கன போனா, திரும்பி வார வரைக்கும் நான் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன். நீ வேலைய விடு, நான் கார விடுறேன்."

"நீங்களாவது கார விடுறதாவது! நான் வேலைய விட்டா அதுக்குப் பெட்ரோலு யாரு போடுவாக?"

அவள் வேலைக்குப் போன பிறகு, அச்சங்குளத்துக் காலி ரோட்டில் அன்பரசன் ஹெல்மெட் மாட்டி ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். முள்காட்டுக்கு அந்தப் பக்கம்தான் அவள் வேலை பார்க்கும் பட்டாசு ஆலை.

டமார்!

காரை நடுரோட்டில் போட்டுவிட்டு, முள்காட்டுக்குள் விழுந்தடித்து ஓடினான்.

"இருக்கன்குடி ஆத்தா, அவ உசுர மட்டும் குடு. கார ஒன் உண்டியல்ல போட்டுர்றேன்!"

எதிரே பானுப்பிரியா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். அவள் கையையும் முகத்தையும் தடவித் தடவிப் பார்த்தான்.

"ஒனக்கு ஒண்ணுமில்லையே? எந்த ரூமு வெடிச்சுது? மத்தவுகல்லாம் எங்க?"

"கிறுக்கு மனுசா, ஆபீஸ்ல ஒண்ணும் வெடிக்கல. பின்னால திரும்பிப் பாருங்க."

தூரத்தில் கான்டெசாவின் பானட் புகைந்துகொண்டிருந்தது.

"எங்க ஆபீஸு வெடிச்சத்தம் எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஒங்களுக்கு என்னாச்சோன்னுல்ல ஓடியாரேன்!" என்று அழுதவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "காரு எம்புட்டு வேகம் போச்சு?"

"தெரியல" என்றான், மூச்சு வாங்க. "நான் அத முந்திட்டேன்."