தொடர்ந்து ஏழு தலை

"அப்பவே மாத்தி எழுதுன்னு சொன்னேனா இல்லையா?"

பள்ளிக்கூட வராந்தாவில் நின்றுகொண்டு மகளை முறைத்தார் பெருமாள். ஏழாம் வகுப்புப் படிக்கும் பானு குனிந்த தலை நிமிரவில்லை. அவள் கணக்கு நோட்டில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: 'அப்பாவை அழைத்து வா.'

வீட்டுப்பாடம் ஒன்றும் பிரமாதமில்லை. நிகழ்தகவு என்ற புதுப் பாடத்துக்கு முன்னோட்டமாம். ஒரு ரூபாய்க் காசை நூறு தடவை சுண்டி, தலையா பூவா என்று வரிசையாக எழுத வேண்டும். பானுவின் வரிசையில் நடுவே தொடர்ந்து ஏழு தலை.

"ஏழு தடவையும் தலையே விழுமா? பாக்கறவங்க நம்ப வேண்டாமா? நடுவுல ரெண்டு பூவைப் போட்டிருந்தா இந்த வம்பே இல்ல."

"நிஜங்கா விழுந்துச்சு நான்னா. ப்ராமிஸ்." பிறந்து வளர்ந்தது தெலுங்கு ஊர் என்பதால் பானுவுக்கு நிஜமாக என்பது நிஜங்கா, அப்பா என்பது நான்னா.

"சும்மா இரு. உட்கார்ந்த இடத்துலயே எழுதிட்டு ப்ராமிஸ் வேற! இருபது வருஷமா இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கேன். பொய்க் கணக்கு எனக்குத் தெரியாதா?"

மல்லாபூரில் போல்ட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. மணிக்கு ஐந்து போல்ட்டை எடுத்து, மைக்ரோமீட்டரால் தடிமனை அளந்து, ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். அவர் ரெஜிஸ்டரில் இதுவரை ஒருத்தரும் ஒரு தப்பு சொன்னதில்லை. அவர் பெண் ஏமாற்றினாள் என்று ஸ்கூலில் கூப்பிட்டு அனுப்பினால் மானம் போகாதா?

இத்தனை தெலுங்குக்காரர்களுக்கு நடுவே கணக்கு டீச்சர் ரமா மிஸ்ஸும் தமிழ்தான். அது இன்னும் சங்கடம். திட்டினால் ஒரு வார்த்தை விடாமல் புரிந்து தொலைக்குமே!

"முதல்ல அவ ஸாரி சொல்லட்டும் மிஸ்" என்று மிஸ்ஸின் மேஜைக்கு முன்னால் போனதும் பெருமாளே ஆரம்பித்தார். "சொல்லு பானு!"

பானுவின் கண் நிறைந்துவிட்டது.

"எதுக்கு சார் ஸாரி?" என்றார் ரமா மிஸ். "கிளாஸ்லயே நெஜமா காசு சுண்டினது உங்க பொண்ணு ஒருத்திதான்!"

பெருமாள் விழித்தார்.

மிஸ் நோட்டுக் கட்டை அவர் பக்கம் தள்ளினார். "மீதி முப்பத்தெட்டையும் பாருங்க. ஒண்ணுலயாவது மூணு தடவைக்கு மேல ஒரே பக்கம் விழுந்திருக்கா? கூட்டிப் பார்த்தா எல்லாருக்கும் அம்பது அம்பது. அத்தனையும் மனசுலேர்ந்து எழுதினது. போன தடவை என்ன விழுந்ததுன்னு காசுக்கு என்ன தெரியும்? நூறு தடவை சுண்டினா ஆறு, ஏழு சேர்ந்து விழறதெல்லாம் சகஜம். நெஜம் அப்படித்தான் சார், கோணல்மாணலா இருக்கும். பொய்தான் ரொம்ப அழகா இருக்கும்."

"அப்ப... எங்களை எதுக்கு வரச் சொன்னீங்க?"

"பசங்க கேலி பண்ணி இவ ஒரே அழுகை. யாரோ மாத்தி எழுதச் சொன்னாங்களாம். மாட்டேன்னுட்டாளாம். வீட்லயும் திட்டு விழக்கூடாதேன்னுதான் நேர்ல சொல்லக் கூப்பிட்டேன். நாளைக்கு இவ நோட்டை வெச்சுத்தான் பாடமே ஆரம்பிக்கப் போறேன்."

'யாரோ' என்றதும் பெருமாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருந்தாலும் அப்பாடா என்றிருந்தது.

கேட்டுக்கு வெளியே மகளுக்கு மிர்ச்சி பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

"நான்னா மேல கோவமா?"

"ஹவ்" என்று ஊர்ப் பேச்சில் ஆமாம் போட்டுத் தலையாட்டினாள் பானு. அடுத்த கடியில் சிரித்துவிட்டாள். அவருக்கு உயிரே வந்தது.

மத்தியானம் சீட்டியடித்துக்கொண்டே தொழிற்சாலைக்குள் நுழைந்தார். கூட வேலை பார்க்கும் எட்வின் ரெஜிஸ்டரை நீட்டினார்.

"காலைலேர்ந்து காலியாக் கிடக்கு அண்ணே. வழக்கம்போல ரொப்பிடுங்க."

பெருமாள் பேனாவைத் திறந்தார். பழக்க தோஷத்தில் முந்தைய பக்கங்களைப் புரட்டினார். தடிமன் 20.00 மில்லிமீட்டர், 20.01, 19.99, மறுபடி 20.00. மாசக் கணக்கில் ஒரு கோணல் கிடையாது. ரொம்ப அழகாக இருந்தது.

பேனாவை மூடினார்.

"எட்வின், அந்த மைக்ரோமீட்டரை எங்கே வெச்சோம்?"